வியாழக்கிழமை டேப்

பினாங்கு பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் சில்லு செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில், புஷ்பவள்ளியிடம் நிரப்பிய விண்ணப்பப் பாரம் இல்லாமல் வந்து காரியம் சாதித்துக்கொண்டு போனவர் ஒருவரும் கிடையாது. பிளாண்ட் மேனேஜரே ஒரு தடவை, அழிந்துபோன கோப்பு ஒன்றை மீட்டுத் தரச் சொல்லி நேரில் வந்து நின்றார். "பாரம் சார்," என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மனிதர் மாடிக்குத் திரும்பிப் போய், பாரத்தை நிரப்பி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தார். அப்பேர்ப்பட்டவள்தான் 1986-ஆம் வருஷம் சரஸ்வதி பூஜையன்று, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தன் கையால் தனக்கே ஒரு பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

நல்லா வேணும் என்று சொல்லத் தோன்றும். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். ஆனால் அதைப் பயன்படுத்திய நூற்று நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு முழுக் கம்ப்யூட்டர் இருப்பதாகவே தோன்றும். ஒரு பெரிய வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டு, குடித்தனக்காரர் ஒவ்வொருவரையும் வீடு மொத்தமும் தன்னுடையது என்று நம்பவைப்பது மாதிரி. அப்படி ஆளுக்கு ஒன்றாகத் தெரிந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். எல்லாரும் சுருக்கமாக 'என் மெஷின்' என்பார்கள். தினமும் இரவில் அத்தனை மெஷின்களும் அப்படியே ஒரு டேப்பில் பதிவாகும். யாராவது தன் மெஷினைக் கெடுத்துக்கொண்டால், அந்த டேப்பை மாட்டி, அன்றைய இரவில் மெஷின் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொடுப்பது புஷ்பவள்ளியின் வேலை. ஒன்பது வருஷமாக எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று கேட்கும் நிலைமை அவளுக்கு வந்ததே இல்லை.

இப்போது வந்திருந்தது. காரணம், கனகசுந்தரம்.

கனகசுந்தரம் மாடியில் டெஸ்ட் பிரிவு இன்ஜினியர். முப்பத்திரண்டு வயது. எதிரே ஒரு பெண் வந்து நின்றால் தரையிலுள்ள டைல்ஸை எண்ண ஆரம்பித்துவிடும் ரகம். கீபோர்டு கைக்குக் கிடைத்தால் மட்டும் வேறு ஆள். டேப் மாட்டச் சொல்லி மாடியிலிருந்து அனுப்பும் ஒற்றை வரிச் செய்தியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. "டேப் 214 மாட்டவும்." "மாட்டியாச்சு." "நன்றி." கொஞ்ச நாளில் நன்றிக்குப் பின்னால் "சாப்பிட்டாச்சா?" வந்தது. பிறகு டேப்பே தேவைப்படாத நாட்களிலும் செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ், ஒவ்வொன்றும் ஒரு வரி, படித்ததும் திரையில் மேலேறி மறைந்துவிடும். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. கேன்டீனில் அவர் ஒரு மேசை, இவள் ஒரு மேசை. இரண்டு பேரும் கோழிக்குழம்பைத் தவிர வேறெதையும் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். பார்த்தவர்களுக்கு இவர்கள் ஜென்மப் பகையாளிகள் என்றுதான் தோன்றியிருக்கும்.

வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு அவரிடமிருந்து வந்தது வேறு மாதிரியான செய்தி. "உமது மெஷினுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு விமானம். அதற்குமுன் ஒரு பதில் தாரும்."

அமெரிக்காவிலுள்ள தலைமைத் தொழிற்சாலைக்கு அவரை இரண்டு வருஷத்துக்கு அனுப்புகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வெளிநாடு போகிறவர்களின் மெஷினை, அழிக்காமல், யாரும் நுழைய முடியாதபடி மூடிவிடுவது வழக்கம். அன்று மாலையே அவருடையதையும் மூடினார்கள். மறுநாளிலிருந்து அவர் லீவு. இனிப் பதிலை மெஷினில் அனுப்ப வழியில்லை.

புஷ்பவள்ளி கடிதத்தை வாங்கித் தன் மெஷினில் பத்திரமாகப் போட்டாள். திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கூட வேலை செய்யும் அப்துல் ரசாக் உட்கார்ந்திருந்தான். திரையோ எட்டு அடி தூரத்திலிருந்தே படிக்கும்படி பச்சை எழுத்தில் மின்னும். நாளைக்குத் தனியாக இருக்கும்போது படிக்கலாம் என்று வைத்தாள். வெள்ளிக்கிழமை முழுக்கத் தலைக்கு மேல் வேலை. அதுவும் ஒரு சாக்குதான். உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பயமாக இருந்தது. படிக்காத வரைக்கும் அந்தக் கடிதத்தில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா?

வெள்ளிக்கிழமை மாலை பூஜைக்காக அறையைச் சுத்தம் பண்ணினார்கள். ஒட்டடை அடித்து, அலமாரிகளைத் துடைத்து, டேப் ஓடும் பாகங்களை ஆல்கஹால் தொட்டு ஒற்றி எடுத்தார்கள். எல்லாம் முடிந்தபின், வருஷா வருஷம் செய்வதுபோலப் புஷ்பவள்ளி தன் மெஷினுக்குள்ளேயும் கூட்டிப் பெருக்கினாள். பழைய கடிதங்கள் அத்தனையையும் ஒரே கட்டளையில் அழித்தாள். போன வருஷம் வரைக்கும் அவளுக்கு வந்த கடிதங்களில் வைத்துக்கொள்ளத் தக்கது எதுவும் இருந்ததில்லை. இந்த வருஷம் நிலைமை வேறு என்பது மனசுக்குத் தெரிந்திருந்தது, விரல்களுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பூஜை நடந்தது. கற்பூரத்தை வெளியே காரிடாரில் வைத்துத்தான் காட்டினார்கள், இல்லாவிட்டால் கூரையிலுள்ள புகைக் கருவி அலறி ஊரைக் கூட்டிவிடும். எல்லாரும் கடலையும் பொங்கலும் சாப்பிடக் கேன்டீனுக்குப் போனார்கள். அறை காலி. புஷ்பவள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நேரில் ஒருவரைப் பார்க்கப் போகிறவள் மாதிரி டெர்மினல் முன்னால் உட்கார்ந்தாள். கடிதத்தைக் கூப்பிட்டாள். அப்படி ஒன்று இல்லை என்றது மெஷின்.

மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் முந்தின நாள் மாலை ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளி இரவு எடுத்த டேப்பில் அந்தக் கடிதம் இருக்காது, அதற்குள் அழித்தாயிற்று. புதன் இரவு டேப்பிலும் இருக்காது, அப்போது அது வந்திருக்கவே இல்லை. வியாழக்கிழமை இரவு டேப் ஒன்றில்தான் இருக்கும். அது 107-ஆம் நம்பர். அலமாரிக்கு ஓடினாள். 107-இன் இடம் காலியாக இருந்தது. ஏன் காலி என்பது அவளுக்குத்தானே தெரியும். பூஜையில் வைக்க ஒரு டேப் தாரும் என்று கமலாம்பிகை மேடம் கேட்டபோது, இருந்ததிலேயே புதிதாகப் பளபளத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அது இப்போது சந்தனமும் குங்குமமும் தீற்றிய உறையோடு, செவ்வந்திப் பூவுக்கு நடுவில், சரஸ்வதியின் காலடியில் இருந்தது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமிக்கு முன்னால் தொடக்கூடாது. மறுநாள் தொடும் நேரத்தில் விமானம் போயிருக்கும்.

யாருக்கும் தெரியாமல் எடுத்து மாட்டியிருக்கலாம். அறையில் ஆளில்லை, வேலை தெரிந்த கை. ஆனால் பிளாண்ட் மேனேஜரையே திருப்பி அனுப்பியவள் திருட்டுத்தனமாக டேப்பை எடுத்தால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவது? பாரத்தை எடுத்தாள். கையெழுத்துப் போட வேண்டியவர் செக்‌ஷன் ஹெட் கமலாம்பிகை.

கமலாம்பிகை, கனகசுந்தரத்தின் கூடப் பிறந்த அக்கா.

டத்தோ கிராமாட்டில் பெற்றோர் விட்டுப்போன வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். தகப்பனுக்குப் பின்னால் தாயும் இறந்தபோது தம்பிக்குப் பதினொரு வயது, அக்காவுக்கு இருபத்து மூன்று. அன்றிலிருந்து அவரே தாயும் தகப்பனும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று தலைமுறையாகப் பினாங்கில் கிளார்க் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். புஷ்பவள்ளியின் அப்பா சுப்பையா அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த தூரம், போன வருஷம் கடல்மேல் திறந்த பாலத்தால் குறைகிற தூரமில்லை.

காரணம் என்ற கட்டத்தில் "தனிப்பட்ட கடிதம்" என்று எழுதிக்கொண்டு போய் நீட்டினாள். கமலாம்பிகை கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"ஆபீஸ் மெஷினில தனிப்பட்ட கடிதத்துக்கு என்ன வேலை பிள்ளை?"

"தப்புதான் மேடம்."

"107 எண்டு போட்டிருக்கிறீர். அது பூசையில எல்லோ இருக்கு. நாளைக்குக் காலைமை எடும்."

"நாளைக்கு லேட்டாயிரும் மேடம்."

"அப்பிடி என்ன அவசரம்? ஆர்ட கடிதம்?"

அம்மாவுடையது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. புஷ்பவள்ளிக்கு நாக்கு வரவில்லை.

"உங்க தம்பி எழுதுனது மேடம்."

கமலாம்பிகை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவன் உமக்குக் கடிதம் எழுதுறவனோ?"

"கடிதம் இது ஒன்னுதான். மத்ததெல்லாம் மெசேஜ்."

"எவ்வளவு காலமா?"

"ஒன்றரை வருஷமா மேடம்."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை." அதில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று புஷ்பவள்ளிக்குப் பிடிபடவில்லை. "சரி, கடிதத்தில என்ன எழுதியிருக்கு?"

"தெரியாது. படிக்கறதுக்கு முந்தியே அழிச்சிட்டேன்."

"படிக்காமலோ?"

"தனியா இருக்கறப்ப படிக்கலாம்னு வச்சிருந்தேன் லா மேடம். நேத்து பூஜைக்குக் கிளீன் பண்றப்ப..." பிளாண்ட் மேனேஜருக்கு முன்னால் அசையாமல் நின்றவள், இங்கே நின்று குழந்தை மாதிரி தேம்பி அழுதாள்.

கமலாம்பிகை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்றரை வருஷம் ஒருத்தருக்கும் தெரியாமக் கதைச்சுப்போட்டு, கடிதம் எண்டு ஒண்டு வந்தவுடன கூட்டி அள்ளிக் குப்பையில கொட்டினீராக்கும். நல்ல கெட்டிக்காரி." சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து கம்ப்யூட்டர் அறைக்குப் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். "தாயே, ஒரு மணித்தியாலத்துக்குத்தான் கேக்கிறன். திருப்பிக் கொண்டந்து வச்சிடுவன்," என்று வாய்விட்டே சொல்லி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, டேப்பைத் தன் கையாலேயே எடுத்தார்.

குங்குமமும் டேப் மெஷினும் ஒத்துப்போகாத ஜாதி. உறையில் இருந்த சந்தனத்தைப் புஷ்பவள்ளி ஈரத் துணியால் நான்கு தடவை துடைத்தாள். பிறகு சுருளை வெளியே எடுத்து மாட்டினாள். டேப் ஓட ஆரம்பித்தது.

டேப்பில் நடுவிலிருந்து ஒன்றைப் பிடுங்கி எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் உரியவரின் சுருக்கப் பெயர்தான் பெயர். ஆங்கில எழுத்து வரிசையில் ஒவ்வொன்றாகத் தாண்டி வரவேண்டும், புஷ்பாவின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையில் பெயர்கள் போவதைப் பார்த்தார்கள். அப்துல் ரசாக் கடலை தீர்ந்த தட்டோடு வந்து, "புஷ்பா அக்கா, காச்சாங் இன்னும் இருக்கா?" என்று எட்டிப் பார்த்தான். செக்‌ஷன் ஹெட்டைப் பார்த்தான், சிவந்திருந்த புஷ்பவள்ளியின் கண்ணைப் பார்த்தான், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

"உம்மட அப்பா என்ன செய்யிறார்?"

"தோட்டத்துல பால் வெட்டுறாரு மேடம்."

"ம்."

திரையில் கமலா என்ற பெயர் போயிற்று. அடுத்தபடியாகக் கனகா.

"சின்னனில அவன் ஆரோடயும் கதைக்க மாட்டான்," என்றார் கமலாம்பிகை, திரையைப் பார்த்தபடியே. "பள்ளிக்கூடத்தில டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவ, பெடியன் ஊமையோ எண்டு. இப்பவும் வீட்டில நாலு சொல்லுத்தான். சாப்பாடு போடட்டோ எண்டா, ஓம். இன்னும் போடட்டோ, காணுமோ எண்டா, காணும்."

"என்கிட்ட நிறையப் பேசுவாரு மேடம். சிரிக்க சிரிக்கப் பேசுவாரு. ஒரு நாள் டேப் மாட்டிக்கிட்டே சிரிச்சு, ரசாக் என்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டான்."

"அவனோ? சிரிக்கச் சிரிக்கவோ?"

கமலாம்பிகை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். இருபத்தொரு வருஷம் சோறு போட்டு வளர்த்த பிள்ளைக்கு இப்படி ஒரு முகம் இருப்பதை, நேற்றுவரை டேப் எடுத்துத் தருகிற கையாக மட்டுமே தெரிந்த ஒரு பெண் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவருக்கு அது வலித்தது. அந்த வலியிலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் புஷ்பாவின் முறை வந்தது. டேப் நின்றது. அவளுடைய மெஷின் வியாழக்கிழமை இரவில் இருந்தபடி திரும்பி வந்தது. கடிதங்களின் பட்டியலில் கடைசியாக, கனகா என்ற பெயரோடு, அது இருந்தது.

கமலாம்பிகை நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீர் வாசியும்."

"சரிபார்த்தேன்னு நீங்களும் சைன் பண்ணணும் மேடம். பாரத்துல இருக்கு."

"பார்க்காமலே போடுறன், தாரும்."

"பார்க்காமப் போட்டா நான் வாங்க மாட்டேன் லா."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்று புஷ்பவள்ளிக்கே உறைத்தது. ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்றரை வருஷம் இந்த மனுஷிக்குத் தெரியாமல் நடந்தது போதும் என்று இருந்தது. கமலாம்பிகை மெல்ல நாற்காலியைத் திருப்பினார். இருவரும் சேர்ந்தே படித்தார்கள்.

"புஷ்பா, இதை நேரில சொல்ல எனக்கு வாய் வராது எண்டு உமக்குத் தெரியும். திரும்பி வந்து உம்மைக் கலியாணம் செய்ய எனக்கு விருப்பம். அக்காவுக்கு இன்னும் சொல்லேல்லை. அவ மறுப்பா எண்டு பயமில்லை. ஓம் எண்டுதான் சொல்லுவா. எனக்காக எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னவ. சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போய், குழாயைத் திறந்துவிட்டிட்டு அழுவா. அம்மா செத்தபிறகு எத்தினையோ நாள் அப்பிடி. தன்னைப் பெண் கேட்டு வந்தவையை எனக்காக வேண்டாம் எண்டு அனுப்பின அண்டைக்கும் அப்பிடித்தான். தண்ணிச் சத்தத்தில எனக்குக் கேக்காது எண்டு நினைக்கிறா. எனக்கு எல்லாம் கேட்டது. கதவுக்கு வெளியில நிண்டிருக்கிறன், ஒருநாளும் உள்ள போகேல்லை. போய் என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. நீர் ஓம் எண்டால் அவவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போவன். பதில் வராட்டில் ஒண்டும் சொல்லாமல் போறன். அவவை வீணா அழவைக்க வேண்டாம்."

கடிதம் அவ்வளவுதான். கமலாம்பிகை அதை இரண்டாந்தரம் படித்தார்.

"அவனுக்குக் கேட்டதாம்," என்றார்.

புஷ்பவள்ளி பாரத்தை நீட்டினாள். கமலாம்பிகை கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், நேரமும் போட்டார். டேப்பை உறையில் போட்டு, பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்து, புதிதாகச் சந்தனம் தீற்றினார்.

"மூண்டு மணிக்கு உமக்கு ஷிப்டு முடியுதுதானே? என்ட கெரேத்தாவில வாரும்."

"எங்க மேடம்?"

"பதில் சொல்லவேண்டாமோ? அவன் அங்க ரெண்டு நாளாக் காத்துக்கொண்டு இருக்கிறான்."

கமலாம்பிகை காரை டத்தோ கிராமாட் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வீட்டுக் கதவைத் திறந்த கனகசுந்தரம் கையில் ஒரு ஜோடி காலுறையோடு நின்றார். ஹாலில் பெட்டி வாய் பிளந்து கிடந்தது. அக்காவைப் பார்த்தார், அக்காவுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு உன்ட கடிதம் இண்டைக்குத்தான் கிடைச்சது," என்றார் கமலாம்பிகை. "நானும் வாசிச்சன்."

கனகசுந்தரத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. புஷ்பவள்ளிக்கு இத்தனை நாள் விரலால் பேசியதை வாயால் பேசவேண்டியிருந்தது.

"எனக்குச் சம்மதம்ங்க," என்றாள். "போயிட்டு வாங்க."

கனகசுந்தரம் தலையை நிமிர்த்தினார். கண் நிறைந்திருந்தது. அக்காவை ஒரு தரம் பார்த்தார்.

"எனக்கும் சம்மதம்தான்," என்று சொல்லிவிட்டுக் கமலாம்பிகை வழக்கம்போலச் சமையலறைப் பக்கம் போகத் திரும்பினார். இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டு வைக்கவில்லை. அங்கேயே, ஹால் நடுவில் கிடந்த சோபாவில், இரண்டு பேருக்கும் முன்னாலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளாமல், சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்.

கனகசுந்தரம் காலுறையைக் கையில் பிசைந்தபடி அசையாமல் நின்றார். "என்ன சொல்லுறது?" என்று புஷ்பவள்ளியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒன்னும் சொல்ல வேணாம் லா. பக்கத்துல போயி உக்காருங்க."

அவர் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.